பொய் ஈயும் மெய் ஈயும்

தூண்டில் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மூன்று: ஒரு கோல், ஒரு நூல், முள்ளில் கோத்த ஒரு மண்புழு. ஆற்றங்கரையிலோ பழைய ஈயக்குட்டையின் ஓரத்திலோ அமர்ந்து, தக்கை அமிழும் வரை காத்திருப்பதே தூண்டில் போடுதல் என்பது நாம் அறிந்தது. ஆங்கில நாட்டில் இதனின் வேறானதொரு தூண்டிற்கலை உண்டு. அதில் புழு இல்லை, தக்கை இல்லை, ஓரிடத்தில் அமர்ந்து காத்திருத்தலும் இல்லை. இறகும் பட்டு நூலும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சி ஒன்றை, விழுந்த ஓசையும் எழாதவாறு, ஓடும் நீரின்மேல் கொண்டுபோய் வைப்பதே அக்கலை. ‘ஈத் தூண்டில்’ என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் அதனை வழங்குவர்.

இக்கலைக்குரிய கருவிகள் யாவை, ஓடைக்கரையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம் யாது, உடன் வரும் நாயை எவ்வாறு நடத்துவது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம். மூன்றும் தொடர்பற்ற பொருள்களாகத் தோன்றலாம். ஆயின் அவை மூன்றும் ஒரு சிறு பூச்சியில் வந்து கூடுவதைப் படிப்போர் போகப் போகக் காண்பர்.

முதலில் ஓடையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹேம்ப்ஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. டெஸ்ட், இட்சன் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே ஓடுகின்றன. ஆறு என்று பெயரே தவிர, பல இடங்களில் அவை நம் ஊர் வாய்க்கால் அளவினவே. அந்நிலத்தின் அடியில் இருப்பது மென்மையான வெண்சுண்ணப் பாறை. நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிய சாக்குக்கட்டிக்குப் பெயர் தந்ததும் அப்பாறையே. மழை பெய்தால் நீர் மேலே ஓடிவிடாது; பாறைக்குள் கசிந்து இறங்கிப் பல திங்கள் அங்கே தங்கி, பின்பு ஊற்றாய் வெளிப்படும். ஆதலின் அந்நீர் கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 10 அல்லது 11 பாகை வெப்பத்துடன், கலங்காமல், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணத்தக்க தெளிவுடன் வரும். உலகிலுள்ள இவ்வகை ஓடைகளுள் பெரும்பகுதி இங்கிலாந்திலேயே உள்ளன. அவற்றில் வாழ்வது டிரவுட் என்னும் மீன். நீலகிரியில் இப்பெயரைக் கேட்டிருப்போர் நம்முள் இருக்கலாம். ஆங்கிலேயர் அம்மீனை அங்கே கொண்டுவந்து விட்டு, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைத்தனர். அது பிற்காலத்துக் குடியேற்றம். டிரவுட்டின் தாயகங்களுள் ஒன்று சுண்ணப்பாறை ஓடை.

அம்மீனின் உணவில் பெரும்பங்கு நீர்வாழ் பூச்சிகளே. அவற்றுள் புகழ் வாய்ந்தது ‘மே ஈ’. இதனைத் தமிழில் ஈ என்பது பொருந்தாது. ஈசல் என்பதும் பொருந்தாது, ஈசல் கறையானின் இனம். எனினும் ஒரு நாளில் கூட்டமாய்ப் பறந்து மடிவதால், ஈசலைக் கண்ட நமக்கு மே ஈயைக் கற்பனை செய்வது எளிது. இது தன் வாழ்நாளில் பெரும்பாலும் இரண்டாண்டுகளை ஆற்றின் அடிச்சேற்றில் இளம்பூச்சியாகவே கழிக்கிறது. மே மாத இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலுரித்து, இறகுலரும் வரை மிதந்து செல்லும். பின் கரையோர மரத்தில் ஒதுங்கி மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். இறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இஃது ஒன்றே. அதன்பின் அதற்கு உண்ணும் வாயும் இல்லை. உண்ணும் வேலையும் இல்லை. மாலையில் ஓடைக்கு மேலே கூட்டமாய் எழுந்து தாழ்ந்து ஆடி, இணைந்து, முட்டையிட்டு, சிறகு விரித்தபடி நீரிலேயே இறக்கும். அந்த இரண்டு வாரங்களில், எச்சரிக்கையே உருவான பெரிய மீன்களும் தம்மை மறந்து மேலே வந்து உண்ணும்.

இப்பூச்சியைப் போலச் செய்து மீனை ஏமாற்றும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்னும் உரோமர், மாசிடோனிய நாட்டில் அஸ்திரேயஸ் என்னும் ஆற்றில் நிகழ்ந்ததைக் குறித்துள்ளார். அங்குள்ள மீன்கள் ஒரு பூச்சியை விரும்பி உண்டன. அப்பூச்சியைக் கையால் பிடித்தால் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். ஆகவே அந்நாட்டார் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைக் கட்டி, ஆறடிக் கோலில் ஆறடி நூலால் வீசினராம். இன்று செய்யும் பொய் ஈயின் அமைப்பும் அடிப்படையில் இதுவே.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. ஏலியன் காலத்து ஆறடி நூலை வீசுவது எளிது. ஐம்பதடிக்கு அப்பால் நிற்கும் மீனிடம், காற்றில் ஊதினால் பறந்துவிடும் ஒரு பொய்ப் பூச்சியை அனுப்புவது எங்ஙனம்? கல்லைக் கட்டி எறிந்தால் கல்லின் கனம் நூலை இழுத்துச் செல்லும். ஆனால் கல் விழுந்த இடத்தில் மீன் நிற்குமா? இவ்வினாவுக்குக் கண்ட விடைதான் இக்கலையின் உயிர்நிலை. கனத்தை முள்ளில் வைக்கவில்லை; நூலிலேயே வைத்தனர். வண்டிக்காரன் சாட்டையை நினைத்துக் கொள்க. அவன் கையசைவு பிடியில் தொடங்கி, வாரின் வழியே சுருண்டோடி, நுனியில் போய்ச் சொடுக்குகின்றது. ஈத் தூண்டிலிலும் அவ்வாறே. கோலைப் பின்னே வீசினால் கனத்த நூல் முதுகுப்புறம் நீண்டு செல்லும். அது முழுதும் நீளும் வரை ஒரு நொடி பொறுத்து, முன்னே தள்ளினால், வளைந்த கோல் நிமிரும் விசையில் நூல் வளையமாய் உருண்டு முன்செல்லும். கடைசியில் பூச்சி இறகுபோல இறங்கும். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் புதியவர்க்குக் கைவராதது.

நூலின் கனத்தை எண்ணால் குறிப்பர். ஐந்தாம் எண் நூலென்றால் அதன் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் எடையுடையது என்பது பொருள். கோலின்மேலும் அதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். ஓடைக்குச் செல்லும் புதியவர் ஒன்பதடிக் கோலும் ஐந்தாம் எண் நூலும் வாங்கினால் போதும். விலையுயர்ந்த கோலைவிட, பொருந்திய நூலே முதன்மையானது. கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

கோலின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. பழங்காலத்தில் அடர்ந்து கனத்த மரக்கோல்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூங்கிலை ஆறு முக்கோணக் கீற்றுகளாகப் பிளந்து, இழைத்து, ஒட்டிச் செய்யும் முறை வளர்ந்தது. அதற்கேற்ற மூங்கில் சீனத்தின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து சென்றது. இன்று பெரும்பாலும் கரிநார்க் கோல்களே உள்ளன. கரிநாரை இங்கிலாந்தின் பார்ன்பரோவிலுள்ள வானூர்தி ஆய்வுக்கூடத்தார் 1960களில் செம்மைப்படுத்தினர். 1970களில் அது தூண்டிற்கோலாகவும் வந்தது. ஒன்பதடிக் கோல் ஒன்று நூறு கிராமுக்குக் குறைந்த எடையில் கிடைப்பது அதனாலேயே.

நூலின் நுனியில், மீன் காணாதவாறு, வரவர மெலிந்து செல்லும் இழை ஒன்றைக் கட்டுவர். இன்று அது நைலான். அதற்குமுன் என்ன கட்டினர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஸ்பெயின் நாட்டின் முர்சியாவில், கூடு கட்டத் தொடங்கும் தறுவாயிலுள்ள பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை எடுத்து ஒரே இழையாய் நீட்டி உலர்த்துவர். அவ்விழைகளை ஒன்றோடொன்று முடிந்து கட்டினர். முள்ளிலே புழு வைக்க நாணிய பெருமக்கள், புழுவின் குடலையே நூலாகக் கட்டியிருந்தனர் என்க.

பொய் ஈ மிதக்க வேண்டுமா, மூழ்க வேண்டுமா என்பது பற்றி ஆங்கிலேயர் நிகழ்த்திய போர் நம் புலவர்களின் சொற்போரை நினைவூட்டும். பிரெடரிக் ஹால்போர்டு என்பார் 1886இல் மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் முறை பற்றி நூல் எழுதினார். மீன் மேலெழுந்து உண்பதைக் கண்ணால் கண்ட பின்னரே, அதற்கு மேற்புறம் மிதக்கும் பூச்சியை வீசவேண்டும் என்பது அவர் வழியினரின் கொள்கை. ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர், மீன் உண்பதில் பெரும்பகுதி நீருக்குள் எழுந்துவரும் இளம்பூச்சியே என்று கண்டு, 1910இல் தம் முதல் நூலில் மூழ்கும் பூச்சிக்காக வாதாடினார். 1938இல் இலண்டனிலுள்ள ஈத் தூண்டிற்காரர் மன்றத்தில் இதுபற்றி விவாதமே நடந்தது. பூச்சியியல் ஸ்கியூஸ் பக்கமே இருந்தது. ஆயினும் ஹால்போர்டின் விதி இன்றும் சில ஓடைகளில் நிலவுகிறது. எங்கே எவ்விதி என்று கேட்டறிந்து, கோலைப் பூட்டுமுன் அதற்குடன்படுவதே விருந்தினர்க்கு அழகு.

இனி ஒழுக்கத்தைக் காண்போம். கி.பி. 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வின்கின் டி வோர்டு அச்சிட்ட தூண்டில் நூல் ஒன்றுண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவி எழுதியதாகச் சொல்வர், உறுதியில்லை. பன்னிரண்டு பொய் ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்லும் அந்நூல், ஒழுக்கத்தையும் விடவில்லை. ஏழையின் நீரில் அவன் இசைவின்றி மீன் பிடிக்காதே. பிறர் வேலியை முறிக்காதே. திறந்த கதவைத் திரும்ப அடை. ஒரே நேரத்தில் மிகுதியாகப் பிடிக்காதே என்பன அதில் உள்ளன. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இவற்றுள் ஒன்றும் பழையதாகவில்லை.

ஓடையில் நிற்பார்க்கு உரிய முறைகள் பெரும்பாலும் மீனின் இயல்பிலிருந்து பிறந்தவை. டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கிச் செல்வோர் அதன் முதுகுப்புறமாக நெருங்கலாம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுதும் ஒரு வட்டச் சாளரத்தினுள் சுருங்கித் தெரிகிறது. ஒளி நீரில் புகும்போது மடங்குவதே காரணம். அச்சாளரத்தின் விளிம்பருகே உள்ள தாழ்ந்த பொருள் ஏறக்குறையக் கண்ணுக்குப் படாது. எனவே நிமிர்ந்து நடப்பவன் மீனை இழக்கிறான். மண்டியிட்டுச் செல்பவன் பெறுகிறான். காலடியின் அதிர்வையும் மீன் தன் விலாவிலுள்ள உணர்கோட்டால் அறியும். இதனாலேதான், ஒருவர் மேல்நோக்கித் தூண்டில் போட்டுச் செல்கையில் அவருக்கு முன்னே போய் நீரில் இறங்குவது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. அவர் அடுத்த ஒருமணி நேரத்தில் காணவிருந்த மீன்களை எல்லாம் நாம் கலைத்து விடுகிறோம். வேண்டுமாயின் கரையைவிட்டு விலகி வயல்வழியே சுற்றிச் சென்று, நெடுந்தொலைவு விட்டு இறங்குக. அதற்கும் அவரைக் கேட்டுக்கொள்க. சால்மன் மீன் பிடிக்கும் பேராறுகளில் முறை தலைகீழ்: மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரடி நகர்ந்துகொண்டே வந்து, பின்னால் நிற்பவருக்கு இடம்விட வேண்டும்.

பிடித்ததை விடுவதற்கு எதற்குப் பிடிப்பது என்று கேட்பவர்க்கு முழு விடை என்னிடம் இல்லை. உண்பதற்கு ஒன்றிரண்டு எடுத்துச் செல்வதை நான் குறை காணேன். விடுவதானால் உயிரோடு விடவேண்டும் என்பதே என் கருத்து. முள்ளின் நுனியருகே பின்னோக்கிச் சிலிர்த்து நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், முள் எளிதில் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தைத் துடைத்தெடுத்து விடும். நீர் 20 பாகை வெப்பத்தை எட்டிய கோடை நாளில் கோலைக் கட்டி வைத்துவிடுவதே தகும்; அந்நீரில் உயிர்வளி குறைவு, போராடிக் களைத்த மீன் விடுபட்டும் பிழைக்காது. நவம்பர் முதல் சனவரி வரை டிரவுட் கூழாங்கல் பரப்பில் குழி பறித்து முட்டையிடும். சுற்றிலும் பாசி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அங்கே முட்டை புதைந்துள்ளது. குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் அதை மிதிக்கலாகாது.

காலணி வழியாகவும் தீங்கு பரவும். நியூசீலாந்தின் தென்தீவில் 2004இல் டிடிமோ என்னும் பாசி முதன்முதல் காணப்பட்டது. ஆற்றின் கல்லையெல்லாம் அழுக்குக் கம்பளிபோல் மூடிவிடும் இப்பாசி, ஒரு துளி ஈரத்தில் ஆறுவிட்டு ஆறு செல்லும். வழுக்காமலிருக்கத் தூண்டிற்காரர் அணிந்த கம்பளிமெத்தை அடிக் காலணி எளிதில் உலராது. ஆதலின் 2008இல் அந்நாட்டார் அதனைத் தடை செய்தனர். ஓடையை விட்டு ஏறியதும் பார்த்து, கழுவி, உலர்த்துக என்பது இன்று பல நாட்டிலும் விதி.

இனி நாய்க்கு வருவோம். ஆங்கிலேயர் நாயின்றிக் கரைக்குச் செல்வது அரிது. முன் சொன்ன வீசும் முறையை நினைத்தாலே முதல் விதி விளங்கும்: நூல் முன்னே எவ்வளவு செல்லுமோ அவ்வளவு பின்னேயும் செல்லும். பின்னே துள்ளி விளையாடும் நாயின் காதிலோ உதட்டிலோ முள் ஏறுவது அப்போதுதான். ஆகவே வீசும் கைக்கு மறுபுறத்தில், அருகில், படு என்றால் படுக்கப் பழகிய நாயைத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். பழகாததைக் கட்டிவைக்க வேண்டும். எதிர்முள் நசுக்கிய முள்ளாயின் வந்த வழியே திரும்பிவிடும். இல்லையேல் கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டியதுதான். அறுந்த நைலான் இழையைக் கரையில் எறிவது, நாயின் காலையும் பறவையின் காலையும் ஒருங்கே கட்டுவதாகும். ஆடு மேயும் வயலில் நாய் கயிற்றோடுதான் செல்ல வேண்டும். நாய் ஆடுமாடுகளைத் துரத்தினால் உடையவரைத் தண்டிக்க அங்கே 1953ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. மற்றொருவர் தூண்டில் போடும் மடுவில் நாய் குதிப்பது பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாதது ஒன்றுண்டு. அதனைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

தெள்ளுப்பூச்சி வராமலிருக்க நாயின் பிடரியில் திங்கள்தோறும் சில துளி மருந்து விடும் வழக்கம் 1990களிலிருந்து பரவியது. அம்மருந்துகளுள் பலவற்றில் இருப்பவை இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் என்னும் இரு பூச்சிக்கொல்லிகள். அவை பூச்சியின் நரம்பைத் தாக்குவன. தெள்ளுப்பூச்சியின் நரம்புக்கும் மே ஈயின் நரம்புக்கும் அவை வேற்றுமை பாரா. இமிடாகுளோபிரிட்டைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தெளிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடுத்தது. தேனீக்கு ஊறு என்பதே காரணம். நாயின் பிடரியில் விடுவதை எவரும் தடுக்கவில்லை. செல்லப் பிராணிக்கு விடும் அளவு சிறிது, சுற்றுச்சூழலுக்கு அதனால் பெருங்கேடு வாராது என்று கருதி, பண்ணை விலங்கு மருந்துக்குச் செய்யும் விரிவான ஆய்வை இதற்குச் செய்யாமலே இசைவு தந்தனர்.

2021இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ்மேரி பெர்கின்ஸ், டேவ் கூல்சன் முதலிய ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இங்கிலாந்தின் இருபது ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த நீரின் அளவைகளை அவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நீர்மாதிரிகளில் பிப்ரோனில் இருந்தது. அறுபத்தாறில் இமிடாகுளோபிரிட் இருந்தது. நகரங்களின் கழிவுநீர் நிலையத்துக்குக் கீழ்ப்புறத்தில் அளவு மிகுந்திருந்தது. வயலிலிருந்து வந்ததாயின் அங்கே ஏன் மிக வேண்டும்? வீடுகளிலிருந்து, செல்லப் பிராணிகளின் வழியாக வருகிறது என்பதே பொருந்தும் விளக்கம். நாயைக் குளிப்பாட்டும் நீர், நாயின் படுக்கையைத் துவைக்கும் நீர், நாயைத் தடவிய கையைக் கழுவும் நீர் ஆகிய மூன்றின் வழியாகவும் மருந்து சாக்கடைக்குச் செல்வதையும், அது குறைந்தது 28 நாள் நீடிப்பதையும் பின்வந்த ஆய்வு காட்டியது. ஓடையில் நீந்தும் நாய் நேராகவே கலக்கிறது என்பதைத் தவிர வேற்றுமை இல்லை.

இதில் தூண்டிற்காரனின் நிலை நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. மே ஈயின் ஒவ்வொரு சிறகு நரம்பையும் நோக்கி நோக்கி, மாலையெல்லாம் அமர்ந்து இறகால் அதன் பொய்யுருவைக் கட்டுகிறான். மறுநாள் அவன் அன்புக்குரிய நாய் நீரில் குதித்து, அதன் மெய்யுருவை அழிக்கிறது. அவன் ஒருவனால் ஆறு கெட்டதென்று சொல்வதற்கில்லை. நாய் வளர்ப்போர் பல இலட்சம் பேர், அவருள் தூண்டிற்காரர் சிலரே. ஆயினும் அறியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை, பூச்சியையே நம்பி வாழும் அவனுக்குச் சற்றுக் குறைவு.

செய்யத்தக்கது என்ன? நாட்காட்டியைப் பார்த்து மருந்து விடாமல், தெள்ளுப்பூச்சி உண்டா என்று நெருங்கிய பல் சீப்பால் வாரிப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு, வேண்டும்போது மட்டும் விடலாம். விட்ட பின் எத்தனை நாள் நீரில் இறக்கக் கூடாது என்று உறையில் எழுதியிருக்கும். ஆய்வு காட்டும் நாளோ அதனினும் மிகுதி, ஆகவே அந்தத் திங்கள் முழுதும் நாயைக் கரையிலேயே நிறுத்துவது நன்று. காலிக் குப்பியைச் சாக்கடையில் எறியலாகாது. மாத்திரை கொடுத்தால் தோலில் மருந்து இராது என்பது உண்மை. ஆனால் அதுவும் உடலைவிட்டு வெளியேறும் என்பதை மறக்க வேண்டா. உண்ணிக் காய்ச்சல் உள்ள இடத்தில் மருந்தே வேண்டாம் என்று சொல்ல நான் துணியேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே துளி மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. உறையைத் திருப்பிப் பெயரைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

இது கைகூடாத காரியமன்று. செம்மறியாட்டைச் சைப்பர்மெத்ரின் கலந்த நீரில் முக்கியெடுக்கும் வழக்கத்தால் ஓடைப் பூச்சிகள் அழிவதைக் கண்டு, பிரிட்டனில் 2006இல் அம்மருந்தின் விற்பனையை நிறுத்தினர். அங்கே தூண்டிற்காரரே பூச்சிகளை எண்ணவும் கற்றுக்கொண்டுள்ளனர். திங்களுக்கு ஒருமுறை தொண்டர் ஒருவர் ஓடையில் இறங்கி, மூன்று நிமிடம் காலால் அடிக்கல்லைக் கிளறி, கலைந்து வருவதை வலையில் ஏந்துகிறார். வெள்ளைத் தட்டில் கொட்டி, மே ஈ உள்ளிட்ட எட்டு வகைச் சிற்றுயிர்களை வகைபிரித்து எண்ணிக் குறித்துக்கொள்கிறார். எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், அன்றே சுற்றுச்சூழல் துறையாருக்குச் செய்தி போகிறது. எண்ணி முடித்த பூச்சிகளை எடுத்த இடத்திலேயே நீரில் விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வகுத்துள்ள முறை.